சின்னஞ்சிறு சிவப்பு விண்மீன்கள், ஒட்டிச் சுற்றும் கோள்கள், சுடர் வெடிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரியனைவிடச் சின்னதும் சூடு குறைந்ததுமான விண்மீன்களைச் சுற்றிப் பூமி அளவுள்ள கோள்கள் வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு முறையும் செய்தியில் ‘இரண்டாவது பூமி’ என்று தலைப்பு வருகிறது. கோளின் அளவைச் சொல்கிறார்கள், தூரத்தைச் சொல்கிறார்கள். அந்த விண்மீன் அடிக்கடி வெடித்துச் சீறும் என்பதைக் கடைசி வரியில் சொல்கிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதல் வரியில் வரவேண்டிய செய்தி. அத்தனை சீற்றத்துக்கும் பிறகு அந்தக் கோளில் காற்று மிஞ்சியிருக்கிறதா? கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அதையே சுற்றி வருகின்றன.

சிவப்புக் குள்ள விண்மீன் என்றால் எவ்வளவு சின்னது?

சூரியனின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கிலிருந்து ஏறக்குறையப் பாதி வரை உள்ள விண்மீன்களை இந்தப் பெயரில் அழைக்கிறோம். நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி இந்த வகைதான். அதன் நிறை சூரியனில் எட்டில் ஒரு பங்கு. குறுக்களவு வியாழன் கோளைப் போல ஒன்றரை மடங்கு. 40 ஒளியாண்டு தூரத்தில் கும்ப ராசிப் பக்கம் இருக்கும் டிராப்பிஸ்ட்-1 இன்னும் சின்னது. பார்க்க வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஆனால் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வியாழன்களின் எடை அதற்குள் அடைந்து கிடக்கிறது.

நம் பால்வீதியில் நான்கில் மூன்று விண்மீன்கள் இப்படிப்பட்டவை. வெறுங்கண்ணால் ஒன்றைக்கூடத் தெளிவாகப் பார்க்க முடியாது. இரவு வானத்தில் நாம் எண்ணுவதெல்லாம் சிறுபான்மையினரைத்தான்.

நிஜமாகவே சிவப்பாக இருக்குமா?

பெயரை நம்பி ரத்தச் சிவப்பாகக் கற்பனை செய்ய வேண்டாம். பிராக்சிமாவின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 2,700 டிகிரி செல்சியஸ். பழைய குண்டு பல்புக்குள் இருக்கும் இழையும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் எரிந்தது. அதனால் அங்கே நின்று பார்த்தால் குண்டு பல்பு வெளிச்சம் போல மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு பகல் இருக்கும்.

‘ஒட்டிச் சுற்றும்’ என்றால் எவ்வளவு பக்கம்? கோள் கருகிப் போகாதா?

பிராக்சிமா பி என்ற கோள் தன் விண்மீனிலிருந்து சுமார் 73 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் சுற்றுகிறது. நம் புதன் சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிராக்சிமா பி-யில் ஓர் ஆண்டு என்பது 11.2 நாள். ஆனாலும் அது கருகாது. விண்மீனின் மொத்த ஒளியே சூரியனில் 600-இல் ஒரு பங்குதான். அடுப்பு சின்னதாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்தால்தானே குளிர் காய முடியும்? அவ்வளவு பக்கத்தில் இருந்தும் பூமிக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அதற்குக் கிடைக்கிறது.

டிராப்பிஸ்ட்-1 இன்னும் நெருக்கமான குடும்பம். பூமியை ஒத்த அளவில் ஏழு கோள்கள். முதல் கோளின் ஆண்டு ஒன்றரை நாள், கடைசிக் கோளின் ஆண்டு 19 நாளுக்குள். ஏழும் சேர்ந்து ஒரு கோடி கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. உள்ளே இருக்கும் இரண்டு கோள்கள் ஒன்றையொன்று கடக்கும்போது இடைவெளி பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. ஒன்றின் வானத்தில் மற்றொன்று நம் முழு நிலாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும்.

விண்மீன் இவ்வளவு ஆபத்தானது என்றால் விஞ்ஞானிகள் ஏன் அங்கேயே தேடுகிறார்கள்?

நம்மால் அளக்க முடிவது அங்கேதான். பூமி சூரியனுக்குக் குறுக்கே போவதை வெளியிலிருந்து ஒருவர் பார்த்தால், சூரிய ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. அதுவும் ஆண்டுக்கு ஒரு தடவைதான். டிராப்பிஸ்ட்-1-இன் முதல் கோளான டிராப்பிஸ்ட்-1 பி குறுக்கே போகும்போது ஒளி ஆயிரத்தில் ஏழு பங்கு குறைகிறது. ஒன்றரை நாளைக்கு ஒரு தடவை அந்த வாய்ப்பு வருகிறது. சிலியில் லா சில்லா மலையில் இருக்கும் 60 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றே இந்தக் குடும்பத்தின் முதல் தடயங்களைப் பிடித்துவிட்டது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷேல் கியோனின் குழு 2016-இல் மூன்று கோள்களை அறிவித்தது. ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் உதவியோடு 2017 பிப்ரவரியில் அது ஏழானது.

தள்ளாட்டத்தை அளக்கும் முறையிலும் இதே கதைதான். பூமியின் இழுப்பில் சூரியன் நொடிக்கு 9 சென்டிமீட்டர் வேகத்தில் அசைகிறது. பிராக்சிமா பி தன் விண்மீனை நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் அசைக்கிறது, அதாவது மனிதர் நடக்கும் வேகம். கியேம் ஆங்லாடா-எஸ்குடே தலைமையிலான குழு 2016 ஆகஸ்டில் அந்த நடையை வைத்துத்தான் கோளைக் கண்டுபிடித்தது.

சுடர் வெடிப்பு என்றால் என்ன?

விண்மீனின் உள்ளே மின்னேறிய வாயு கொதித்துப் புரள்கிறது. அந்தப் புரளலில் காந்தப் புலக் கோடுகள் முறுக்கேறுகின்றன. ஓரளவுக்கு மேல் முறுக்கேறியதும் கோடுகள் அறுந்து வேறு விதமாக ஒட்டிக்கொள்கின்றன. அதுவரை சேர்ந்திருந்த ஆற்றல் சில நொடியிலிருந்து சில நிமிடத்துக்குள் ரேடியோ, ஒளி, புறஊதா, எக்ஸ்-கதிர் எல்லாமாக வெளியே கொட்டுகிறது. சில சமயம் வாயுத் திரளும் துகள்களும் கூடவே வீசப்படுகின்றன. சூரியனிலும் இதேதான் நடக்கிறது. 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் பார்த்தது சூரியனின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. அதைத் தொடர்ந்து வந்த காந்தப் புயலில் தந்திக் கம்பிகளில் பொறி பறந்தது.

தமிழில் இதைச் சூரியச் சுடர், தீப்பிழம்பு, கிளரொளி என்று பலவிதமாக எழுதுகிறார்கள். ‘சுடர் வெடிப்பு’ என்றால் எல்லாருக்கும் புரிகிறது என்பதால் இங்கே அதையே வைத்துக்கொண்டேன்.

சூரியனைவிடச் சின்ன விண்மீன் ஏன் அதிகமாக வெடிக்கிறது?

சூரியனின் வெளிப்பகுதியில் மட்டும்தான் வாயு கொதித்துப் புரள்கிறது. உள்ளே அமைதியான ஓர் அடுக்கு உண்டு. நிறை சூரியனில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் அந்த அமைதியான அடுக்கே இல்லை. நடுவிலிருந்து மேற்பரப்பு வரை முழுக்கக் கொதிக்கும் பானைதான். வலுவான காந்தப் புலம் உருவாக அதுவே வசதி. அதோடு, விண்மீன் வேகமாகச் சுழல்கிற வரை வெடிப்பும் ஓயாது. சூரியன் சீக்கிரமே வேகம் குறைந்து அடங்கிவிட்டது. இந்தக் குள்ளன்களில் பல, நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் துள்ளிக்கொண்டே இருக்கின்றன. அடங்கியது போலத் தெரிவதையும் நம்ப முடியாது. ஆறு ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பர்னார்டு விண்மீனுக்கு வயது சுமார் 1,000 கோடி ஆண்டு. அதுகூட 1998-இல் ஒரு தடவை வெடித்துக் காட்டியது.

பிராக்சிமாவில் உண்மையில் என்ன பார்த்தார்கள்?

மூன்று சம்பவங்களைச் சொல்லலாம்.

2016 மார்ச். சிலியில் வானம் முழுவதையும் இடைவிடாமல் படம் பிடிக்கும் எவ்ரிஸ்கோப் என்ற சிறு தொலைநோக்கிக் கூட்டம் ஒரு வெடிப்பைப் பதிவு செய்தது. பிராக்சிமா வழக்கத்தைவிட 68 மடங்கு பிரகாசமானது. எப்போதுமே தொலைநோக்கி வேண்டியிருக்கும் ஒரு விண்மீன், நல்ல இருட்டு வானத்தில் கூர்மையான கண்ணுக்குத் தட்டுப்படும் விளிம்பு வரை வந்து மறைந்தது. கோள் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது அதற்கு ஐந்து மாதம் கழித்துத்தான். அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

2017 மார்ச் 24. சிலியின் அல்மா தொலைநோக்கி மில்லிமீட்டர் அலைகளில் பார்த்துக்கொண்டிருந்தபோது விண்மீன் பத்து நொடியில் 1,000 மடங்கு பிரகாசமானது. மொத்தக் கூத்தும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது.

2019 மே 1. இந்தத் தடவை வானியலாளர் மெரிடித் மெக்ரிகரின் குழு தயாராகக் காத்திருந்தது. தரையிலும் விண்வெளியிலுமாக ஒன்பது தொலைநோக்கிகளைப் பல மாதங்களில் மொத்தம் சுமார் 40 மணி நேரம் பிராக்சிமாவை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். ஹபிளும் அல்மாவும் ஒரே வெடிப்பைப் பிடித்தன. ஏழே நொடிதான். அதற்குள் தொலைப் புறஊதாவில் பிரகாசம் 14,000 மடங்கு ஏறி இறங்கியது. சாதாரண ஒளியில் மட்டும் பார்த்திருந்தால் இதன் கடுமை தெரிந்தே இருக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் வைத்து ஒரு விண்மீனை ‘சாது’ என்று முடிவு கட்டக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த ஏழு நொடிதான்.

இதெல்லாம் கோளை எப்படிப் பாதிக்கும்?

முதலில் தூரக் கணக்கு. தூரம் பாதியானால் படும் கதிர் நான்கு மடங்கு. பிராக்சிமா பி இருக்கும் தூரத்தில், ஒரே அளவு வெடிப்பு பூமியில் படுவதைவிட 400 மடங்குக்கு மேல் கடுமையாகப் படும். டிராப்பிஸ்ட்-1 இ என்ற நான்காவது கோளில் ஆயிரம் மடங்கைத் தாண்டும். அந்த விண்மீனைக் கெப்ளர் தொலைநோக்கி 80 நாள் கவனித்ததில் 42 வெடிப்புகள் பதிவாயின. அவற்றில் பெரியது, காரிங்டன் பார்த்த வெடிப்பின் அளவை எட்டக்கூடியது.

எக்ஸ்-கதிரும் தொலைப் புறஊதாவும் காற்றின் உச்சியைச் சூடாக்குகின்றன. சூடான வாயு விரிந்து, கோளின் பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விண்வெளிக்குப் போகிறது. ஒரு வெடிப்பில் போவது சொற்பம். ஆனால் இது நாள்தோறும், கோடிக்கணக்கான ஆண்டுகள் நடக்கிறது. புறஊதா நீராவியை உடைத்தால் லேசான ஹைட்ரஜன் பறந்துவிடும், ஆக்சிஜன் தங்கிவிடும். அதனால் இந்தக் கோள்களில் ஆக்சிஜன் தென்பட்டால் உடனே ‘மரம் செடி இருக்கிறது’ என்று குதிக்க முடியாது. கடல் ஒன்று செத்துப்போனதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

ஓசோன் படலத்துக்கும் அடி விழும். ஏ.டி. லியோனிஸ் என்ற சிவப்புக் குள்ளனில் 1985-இல் பதிவான ஒரு பெரிய வெடிப்பை எடுத்து, அதன் முன்னால் பூமி மாதிரி ஒரு கோளை வைத்துக் கணினியில் கணக்கிட்டார்கள். 2010-இல் வந்த அந்த முடிவில் புறஊதாக் கதிர் மட்டும் பட்டால் ஓசோனுக்குப் பெரிய சேதம் இல்லை. கூடவே புரோட்டான் துகள்களும் வந்து மோதினால், இரண்டு ஆண்டுக்குள் 94 விழுக்காடு ஓசோன் காலி. அடுத்தடுத்து வெடிப்பு வந்தால் படலம் தேறி எழுவதற்கு நேரமே கிடைக்காது.

வெடிப்புதான் பெரிய எதிரியா?

என் கணிப்பில் அதைவிடப் பெரிய எதிரி விண்மீனின் குழந்தைப் பருவம். இதைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. சூரியன் பிறந்து சுருங்கி நிலைபெறச் சுமார் ஐந்து கோடி ஆண்டு ஆனது. டிராப்பிஸ்ட்-1 போன்ற ஒன்றுக்கு 100 கோடி ஆண்டு வரை ஆகும். அந்தக் காலம் முழுக்க அது இப்போதைவிடப் பல மடங்கு பிரகாசமாக எரிந்தது. இன்று இதமான தூரத்தில் இருப்பதாக நாம் சொல்லும் கோள்கள், அன்று உலைக்கு முன்னால் நின்றவை. தண்ணீரோடு பிறந்திருந்தாலும் அதன் பெரும்பகுதி அப்போதே ஆவியாகிப் போயிருக்கலாம். நிறையத் தண்ணீரோடு பிறந்திருந்தாலோ, வால்மீன்கள் பின்னாளில் கொண்டுவந்து சேர்த்திருந்தாலோ, எரிமலைகள் உள்ளிருந்து புது வாயுவைக் கக்கியிருந்தாலோதான் மிச்சம் இருக்கும்.

கோளுக்குக் காந்தப் புலம் இருந்தால் போதாதா?

துகள்களை ஓரளவு திருப்பிவிடும். ஒளிக்கு அது தடையே இல்லை, எக்ஸ்-கதிரும் புறஊதாவும் தடையின்றி உள்ளே வரும். எனவே பாதிப் பாதுகாப்புதான்.

வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் வாயுத் திரளும் கோள் மேல் பாயுமா?

அவசியம் இல்லை. விண்மீனின் காந்தப் புலமே பலமாக இருப்பதால், கிளம்பும் திரளை அதுவே பிடித்து அமுக்கிவிடலாம். அதே சமயம் திரள் தப்பி வெளியேறுவதும் உண்டு. சுமார் 130 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒரு சிவப்புக் குள்ளனிலிருந்து நொடிக்கு 2,400 கிலோமீட்டர் வேகத்தில் திரள் பாய்ந்ததற்கான ரேடியோ அடையாளத்தை ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கியில் பிடித்து 2025 நவம்பரில் அறிவித்தார்கள்.

இன்னொரு ஆறுதலும் இருக்கிறது. வேகமாகச் சுழலும் குள்ளன்களில் பெரிய வெடிப்புகள் எங்கே நிகழ்கின்றன என்று, கோள்களைத் தேடும் டெஸ் செயற்கைக்கோளின் தரவுகளில் தேடியபோது, கிடைத்த நான்கும் துருவங்களுக்கு அருகில் இருந்தன. கோள்கள் பொதுவாக நடுக்கோட்டின் தளத்தில் சுற்றுகின்றன. அப்படியானால் துகள் வீச்சு அவற்றின் தலைக்கு மேலே போய்விட வாய்ப்பு உண்டு. நான்கை வைத்து விதி எழுத முடியாது என்பதும் உண்மை.

ஒரு பக்கம் எப்போதும் பகல், மறு பக்கம் எப்போதும் இரவு என்கிறார்களே?

ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும். பக்கத்தில் இருக்கும் பெரிய பொருளின் ஈர்ப்பு, சின்னதன் சுழற்சியை மெதுவாக்கி, ஒரு முறை சுழலும் நேரமும் ஒரு முறை சுற்றிவரும் நேரமும் ஒன்றாகும்படி கட்டிவிடுகிறது. போதுமான காற்று இருந்தால் அது பகல் பக்கத்துச் சூட்டை இரவுப் பக்கத்துக்கு எடுத்துப் போகும். காற்று மெலிந்தால் இரவுப் பக்கம் உறைந்து, மிச்சக் காற்றும் பனியாய் விழும். அதனால்தான் இங்கேயும் காற்று இருக்கிறதா என்ற கேள்வியிலேயே வந்து நிற்கிறோம்.

சரி, காற்று இருக்கிறதா இல்லையா? ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி என்ன சொல்கிறது?

இதுவரை விண்மீனுக்கு மிக அருகில் உள்ளவற்றைத்தான் நன்றாகப் பார்க்க முடிந்திருக்கிறது. அவை வெறும் பாறை போலத்தான் தெரிகின்றன. வழி எளிது. கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது அகச்சிவப்பு ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், பகல் பக்கத்தின் சூடு தெரிந்துவிடும். காற்று இருந்தால் சூடு பரவி, பகல் பக்கம் மிதமாகும். டிராப்பிஸ்ட்-1 பி-யின் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ் என்று 2023 மார்ச்சில் வந்தது. கனமான காற்று எதுவும் சூட்டை எடுத்துப் போகவில்லை என்று காட்டும் எண் அது. அடுத்த கோளான சி-யில் சுமார் 110 டிகிரி. வெள்ளிக் கோளில் இருப்பது போன்ற அடர்த்தியான கரியமில வாயு மண்டலம் அங்கும் இல்லை. இவற்றுக்கு முன்னாலேயே, 11 மணி நேரத்தில் தன் விண்மீனைச் சுற்றிவரும் எல்.எச்.எஸ். 3844 பி ஒரு கரிய, காற்றற்ற பாறை என்று 2019-இல் ஸ்பிட்சர் காட்டியிருந்தது.

இதைப் படித்துச் சோர்ந்துவிட வேண்டாம். இவை எல்லாம் அடுப்புக்குள்ளேயே இருக்கும் கோள்கள். இதமான தூரத்தில் இருக்கும் டிராப்பிஸ்ட்-1 இ பற்றிய முதல் வெப் அளவீடுகள் 2025 செப்டம்பரில் வந்தன. பிறந்தபோது இருந்திருக்கக்கூடிய ஹைட்ரஜன் போர்வை இப்போது இல்லை என்று தெரிகிறது. அதைவிடக் கனமான காற்று உண்டா என்பதற்கு நான்கு கடப்புகள் (கோள் விண்மீனுக்குக் குறுக்கே போவது) போதவில்லை, இன்னும் பல கடப்புகளைப் பார்க்கிறார்கள். நான் கண் வைத்துக் காத்திருக்கும் கோள் அதுதான்.

ஏன் இவ்வளவு தாமதம்?

விண்மீனே அளவீட்டைக் குழப்புகிறது. அதன் மேல் கரும்புள்ளிகளும் ஒளித்திட்டுகளும் இருக்கின்றன. கரும்புள்ளிகள் குளிர்ந்து கிடப்பதால் அங்கே நீராவிகூட உண்டு. கோளின் காற்றில் தண்ணீர் என்று நினைத்தது விண்மீனின் தண்ணீராக முடியலாம். நடுவில் ஒரு வெடிப்பு வந்தால் அந்த நேரத்துத் தரவைத் திருத்தி எடுக்கவே தனி உழைப்பு வேண்டும்.

கோள் தன் விண்மீனைத் தூண்டி வெடிக்க வைக்குமா?

வைக்கும் போலிருக்கிறது. எச்.ஐ.பி. 67522 என்ற விண்மீனை ஏழு நாளில் சுற்றும் ஒரு பெரிய கோள் அதன் காந்தக் கோடுகளை உலுக்கி வெடிப்புகளைக் கிளப்புவதாக 2025 ஜூலையில் ஓர் ஆய்வு சொன்னது. அந்தச் சீற்றத்தின் அடி அந்தக் கோள் மேலேயே விழுகிறது. அது குள்ளன் அல்ல, சூரியனை ஒத்த ஓர் இளம் விண்மீன். குள்ளன்களில், 12 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஒய்.இசட். செட்டியிலிருந்து மீண்டும் மீண்டும் வரும் ரேடியோ வெடிப்புகள் அதன் இரண்டு நாள் கோளோடு தொடர்புள்ளவையாக இருக்கலாம் என்று 2023-இல் எழுதினார்கள்.

வெடிப்பால் நல்லது ஏதும் இல்லையா?

உண்டு. உயிரின் மூலப்பொருள்கள் உருவாகப் புறஊதா ஒளி தேவைப்பட்டிருக்கலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. இந்தக் குள்ளன்கள் சாதாரண நேரத்தில் அந்தப் புறஊதாவை மிகக் குறைவாகவே தருகின்றன. அந்தக் குறையை வெடிப்புகள் ஈடு கட்டலாம். உயிர் தோன்றிவிட்ட பிறகு, சில மீட்டர் ஆழத் தண்ணீரே புறஊதாவிலிருந்து நல்ல பாதுகாப்பு.

அங்கே நின்றால் வெடிப்பு எப்படித் தெரியும்?

பிராக்சிமா பி-யின் வானத்தில் விண்மீன் நம் சூரியனைப் போல மூன்று மடங்கு அகலமாக, அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். வெடிப்பின் சூடு 9,000 டிகிரி வரை போகும், அதாவது சூரியனைவிட அதிகம். அதனால் குண்டு பல்பு வெளிச்சத்தின் நடுவே ஒரு மூலையில் நீலம் கலந்த வெள்ளைப் பொட்டு ஒன்று பளிச்சிட்டு, சில நிமிடத்தில் தணியும்.

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பார்க்க முடியுமா?

பிராக்சிமாவைக் கண்ணால் முடியாது, அது இருக்கும் திசையைப் பார்க்கலாம். மே மாத முன்னிரவில் தெற்குத் தொடுவானம் தெளிவாகத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். தென்சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் அடுத்தடுத்து இருக்கும். அதிகப் பிரகாசமானது ஆல்ஃபா சென்டாரி. பிராக்சிமா அதற்கு நான்கு முழு நிலா அகலத்துக்கும் மேல் தள்ளி இருக்கிறது. சென்னையில் அது உச்சத்தில் இருக்கும்போதே தொடுவானத்துக்கு மேல் 14 டிகிரிதான் ஏறும், கன்னியாகுமரியில் 19 டிகிரி.

வெடிப்பை நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அதற்குத் தொலைநோக்கிகூட வேண்டாம். டெஸ் செயற்கைக்கோள் 2018-இலிருந்து வானத்தின் ஒவ்வொரு பட்டையையும் சுமார் 27 நாள் தொடர்ந்து பார்த்து வருகிறது. அந்தத் தரவு யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் இருக்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் லைட்கர்வ் என்ற தொகுப்பை நிறுவி, பிராக்சிமாவின் பெயரைக் கொடுத்து, இரண்டு நிமிட இடைவெளித் தரவைக் கேளுங்கள். ஒளி அளவு நேரத்துக்கு நேரம் எப்படி மாறியது என்ற வரைபடம் வரும். கோடு மெதுவாக அலை போல ஏறி இறங்குவது விண்மீனின் புள்ளிகளால். நடுவே ஊசி மாதிரி சட்டென்று ஏறி, சரிவு மாதிரி மெல்ல இறங்கும் இடங்களைத் தேடுங்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் எகிறியிருந்தால் விட்டுவிடுங்கள், அது கருவியில் பட்ட துகளாக இருக்கலாம். அடுத்தடுத்து மூன்று புள்ளியாவது மேலே இருந்து, பிறகு படிப்படியாக இறங்கினால், நான்கு ஆண்டுக்கும் மேலாகப் பயணம் செய்து வந்த ஒரு வெடிப்பின் ஒளியை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.